எனக்கு மட்டும் அடித்த வாடை

மூன்று வருடங்களுக்கு முன், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கரிசல் கிராமத்தில் ஆரம்பித்தது இது. தீப்பெட்டி ஆபீஸுகளுக்குக் குச்சி மூட்டை ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அண்ணன் மாரடைப்பில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமாவாசைக்குப் படையல் வைத்து, அவர் படத்துக்கு முன்னால் குனிந்து கும்பிட்டேன். குப்பென்று பிணவாடை. நிமிர்ந்தால் இல்லை. மறுபடி குனிந்தேன், வந்தது.

வீட்டில் வேறு யாருக்கும் அடிக்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தோம். போகப்போக மூட்டை தூக்கக் குனிந்தாலும், செருப்பு மாட்டக் குனிந்தாலும் வந்தது. பட்டப்பகலில், பஜார் கூட்டத்தில், அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அம்மா கோடாங்கியிடம் கூட்டிப் போனாள். உடுக்கை அடித்துக் குறி சொன்னவர், "பொஞ்சாதி அந்த வீட்டுல இருக்க வரைக்கும் அவன் போவமாட்டான்" என்றார். மதினியைக் கயத்தாறில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். என் ஆட்டோவில்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பும்போதும் வாடை என்னோடுதான் வந்தது.

போன வருடம் நாய் குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தேன். தலையில் அடி என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூளைக்கு ஒண்ணுமில்ல. ஆனா மூக்குக்குள்ள ஒரு பல்லு இருக்கு" என்றார்.

காட்டினார். என் மண்டையோட்டுக்கு நடுவில், வெள்ளையாக, தலைகீழாக ஒரு முழுப் பல். "யாரு பல்லு சார்?" என்று கேட்டுவிட்டேன். என்னுடையதுதானாம். அபூர்வமாகச் சிலருக்கு இப்படி இடம் மாறி முளைக்குமாம். அதைச் சுற்றிச் சீழ் பிடித்து, குனியும்போதெல்லாம் எனக்கு மட்டும் நாறியிருக்கிறது.

ஆபரேஷன் செய்து எடுத்த பல்லை டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். வாடை அதோடு நின்றது. டப்பியோடு கயத்தாறுக்கு ஓடி, விஷயத்தைச் சொல்லி, "எங்க மேலதான் தப்பு மதினி, வீட்டுக்கு வாங்க" என்று கெஞ்சினேன். மதினி அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு தடவயாவது அந்த வாடை வராதான்னு ஏங்கிக் கெடந்தேன் தம்பி. அப்ப, அவிய அங்கன இல்லவே இல்லையா?"

டப்பியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மதினி இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை நான் கும்பிட்டு நிமிரும்போது என் முகத்தையே பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். நான் பயந்து நடுங்கியதைத்தான் அவர் ஆசையோடு தேடியிருக்கிறார். வீட்டைவிட்டு அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது, ஒவ்வொரு முறை தலையாட்டும்போதும் என்னைக் குத்துகிறது.