சுவரில்லாத மண்டபத்தின் பூட்டு

எங்கள் கிராமத்தில் எது தேவைப்பட்டாலும் முதல் கேள்வி, "திறப்பு ஆரிட்டை?" என்பதுதான். பதிலும் எப்போதும் ஒன்றுதான். தண்ணீர்ப் பம்பி அறைத் திறப்பு, கோயில் ஒலிபெருக்கிப் பெட்டித் திறப்பு, சங்கத்தின் தகரக் கொட்டில் திறப்பு எல்லாம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் இடுப்பில், ஒரு நைலோன் கயிற்றில் சாவிக் கொத்தாகக் கோத்துத் தொங்கும். அவர் நடந்து வந்தால் திறப்புச் சத்தம் கேட்டு நாய்கள் எழும்பி ஒதுங்கிப் போகும். மனிதர் நல்லவர். ஊருக்காக ஓடித் திரிபவர். ஆனால் ஓடும்போது திறப்புகளையும் கொண்டு ஓடிவிடுவார்.

நான் கொழும்பில் கட்டடக்கலை படித்து முடித்துவிட்டு ஊருக்கு வந்த மாசி மாதம் அப்படித்தான் ஒருநாள் ஓடினார். முள்ளியவளைக்கு அங்கால், குளத்து வாய்க்காலோடு போகிற எங்கள் ஊர் முழுக்க வயல்தான். அறுவடை முடிந்தால் தார் வீதியில் பாதி நெல்லுக்கு, மீதிதான் பஸ்ஸுக்கு. அன்றைக்கும் வீதி நிறைய நெல் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் வானம் ஒரு வார்த்தை சொல்லாமல் கறுத்தது. சனம் நெல்லை வழித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு தகரக் கொட்டிலுக்கு ஓடினால், கதவில் பூட்டு. தலைவர் புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டதற்கு, "இந்தா வெளிக்கிட்டன், இந்தப் பந்தி மட்டும் முடியட்டும்" என்றாராம்.

அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான மாதர் சங்கத்து அக்கா. "நெல்லு நனைஞ்சு முளைச்சும் போட்டுது தங்கச்சி. பூட்டு மட்டும் ஒரு துளி நனையேல்லை. தாழ்வாரத்துக்குக் கீழை பத்திரமா இருந்தது."

கொஞ்ச நாளில், எங்கள் ஊருக்குப் புதிய பொது மண்டபம் கட்டித்தர ஒரு உதவி நிறுவனம் முன்வந்தது. அவர்களிடம் ஆயத்தமாக ஒரு படம் இருந்தது. நாலு சுவர், ஒரு மேடை, முன்னால் இழுத்துப் பூட்டுகிற இரும்புக் கதவு. எல்லா ஊரிலும் கட்டுகிற அதே பெட்டி. அந்தப் பெட்டி எங்கள் காணியில் அடங்க வேண்டுமென்றால் நடுவில் நின்ற பாலை மரத்தைத் தறிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அந்த மரத்தின் பழம் தின்று உதடு ஒட்டி, பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க முடியாமல் நின்றவள் நான். நிறுவனத்தின் பொறியியலாளரை மறித்துப் பிடித்து, வேறு படம் தந்தால் கட்டுவீர்களா என்று கேட்டேன். ஊர் ஒத்துக்கொண்டு தலைவர் சரி சொன்னால் கட்டுவோம், இல்லாவிட்டால் பெட்டிதான் என்றார்.

இரவு பகலாக வரைந்தேன். மரத்தை அப்படியே விட்டு, அதன் நிழலோடு சேர்ந்து ஓட்டுக் கூரை. சுவருக்குப் பதிலாகத் தூண்கள். தூண்களுக்கு இடையில் ஆட்கள் ஏறி உட்காரக்கூடிய உயரத்தில், திண்ணை மாதிரி ஒரு குந்து. எந்தப் பக்கத்தாலும் காற்று வரலாம், மனிதர் வரலாம். பார்க்கப் பார்க்க எனக்கே புல்லரித்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"கலியாணப் பந்தலும் இப்பிடித்தானே இருக்கு," என்றார் அம்மா. "அதுக்கு ஆர் பிள்ளை கம்பஸுக்குப் போய்ப் படிக்கினம்?"

மரத்தடியில் ஊர்க்கூட்டம். நான் படத்தை விரித்து, காற்றின் திசை, நிழல், மழைநீர் ஓடும் வழி என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். முதலில் கை உயர்த்தியது அக்கா.

"எல்லாம் வடிவு. வெயில் எங்கை?"

"வெயில் வராதக்கா. அதுதான் இதிலை விசேசமே!"

"நெல்லு காய வேணுமெல்லோ? நெல்லுக்கு நீ விசிறி பிடிக்கப் போறியோ?"

சிரிப்பு அடங்குவதற்குள் பென்சிலை எடுத்து, மண்டபத்தின் தெற்குப் பக்கம் வெயில் விழுகிற மாதிரி ஒரு சீமெந்து முற்றம் போட்டேன். அந்தப் பக்கக் குந்தில் அகலமாக ஒரு இடைவெளி விட்டேன். மழை வந்தால் நெல்லைப் பலகையால் அப்படியே உள்ளே இழுத்துவிடலாம். சனம் தலையாட்டியது. வென்றுவிட்டேன் என்று நினைத்த நேரம் தலைவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். திறப்புக் கொத்து கலகலத்தது.

"கதவு எங்கை பிள்ளை?"

"கதவு இல்லை அங்கிள். எந்த நேரமும் ஆரும் வரலாம்."

"அப்ப திறப்பு?"

"திறப்பும் தேவையில்லை."

பின்னால் யாரோ, "திறப்பு இல்லையெண்டால் தலைவர் எதுக்கு?" என்று சொல்ல, மரத்திலிருந்த குரங்குகள் பயந்து பாயும் அளவுக்குச் சனம் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாங்கள் பழைய படத்தையே கட்டுவம்," என்று எழும்பிப் போய்விட்டார். அவரது முகம் வாடிப் போனதைப் பார்த்துப் பிறகு மற்றவர்களும் சிரிப்பை நிறுத்தினார்கள். என் மண்டபமும் பாலை மரமும் ஒரே சிரிப்பில் போயின.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். உழவு இயந்திரத்துக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களோடு கதைக்க வேண்டியதாயிற்று.

"கதவில்லாட்டி ஆடு வரும், மாடு வரும், குரங்கு வரும்," என்றது கீழிருந்து குரல்.

"குந்து இருக்கு அங்கிள். மாடு ஏறாது."

"நீ எங்கடை மாட்டைக் கண்டனியோ?"

தேத்தண்ணியோடு வந்த அவரது மனைவி என் காதருகில் குனிந்தார். "இவர் சாமி கும்பிடேக்கையும் ஒரு கையாலை திறப்பைப் பிடிச்சபடிதான் பிள்ளை. நீ மாட்டைப் பற்றிக் கதைச்சுப் பிரயோசனமில்லை."

அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. பையிலிருந்த படத்தை எடுத்து, வீதிப் பக்கம், கூரைக்கு வெளியே முன்னால் தள்ளி, தனியாக ஒரு பெரிய நிலையும் இரட்டைக் கதவும் கீறினேன். இருபுறமும் சுவர் இல்லை. வெறும் கதவு.

"அங்கிள், முதிரைப் பலகையிலை கதவு. வீதியாலை பஸ்ஸிலை போறவைக்கும் தெரியும்."

கால்கள் அசைந்தன. பிறகு முழு ஆளும் வெளியே வந்தார். கிறீஸ் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் சுவர் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"பூட்டு?" என்றார்.

"நீங்கள் தெரிஞ்செடுங்கோ."

மண்டபம் எழும்பியது. மரம் நின்றது. தலைவர் புதுக்குடியிருப்புச் சந்தைக்கு நேரே போய், பாதித் தேங்காய் அளவில் ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

அடுத்த அறுவடை நேரத்தில் அங்கே முதல் கூட்டம். தெற்கு முற்றம் நிறைய நெல் காய்ந்தது. நான் சைக்கிளில் போய் இறங்கினால், ஊர் முழுக்க அந்தக் கதவுக்கு முன்னால் வெயிலில் நிற்கிறது.

"ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

"தலைவர் இன்னும் வரேல்லை. திறப்பு அவரிட்டை," என்றார் ஒருவர்.

"சுத்திவர எல்லாம் திறந்துதானே கிடக்கு!"

"அது சரி பிள்ளை. ஆனா கதவு பூட்டியெல்லோ இருக்கு."

அவர் பகிடி விடவில்லை. மற்றவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அழுகை வராத குறை. சுவரை எடுத்துவிட்டேன். ஆனால் தகரக் கொட்டிலின் பூட்டை நானே கொண்டுவந்து இதிலும் மாட்டிவிட்டேன். உள்ளே குந்தின் மேல் ஒரு ஆடு சுகமாகப் படுத்து அசைபோட்டபடி எங்களைப் பார்த்தது. அதற்குச் சங்க ஒழுங்குகள் ஒன்றும் தெரியாது.

அப்போது வானம் கறுத்தது.

முதல் துளி விழ, எல்லோரும் பழக்கத்தில் பூட்டைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் சேலையைத் தூக்கிச் செருகினார். "இனியும் பந்தி முடியுமட்டும் நிக்கப் போறியளோ?" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, பலகையை எடுத்து நெல்லை இடைவெளியால் உள்ளே தள்ளினார். அவ்வளவுதான். அணை உடைந்த வாய்க்கால் மாதிரிச் சனம் எல்லாப் பக்கத்தாலும் பாய்ந்தது. குந்தைத் தாண்டியவர்கள், சாக்கோடு வந்தவர்கள், சேலைத் தலைப்பில் நெல்லை அள்ளி வந்தவர்கள். ஆடு கோபித்துக்கொண்டு வெளியே போனது. மழை இறங்கிக் கொட்டியபோது முற்றத்தில் நெல் இல்லை.

தலைவர் மோட்டார் சைக்கிளை வீதியில் போட்டுவிட்டுக் கதவடிக்கு ஓடி வந்தார். கூரை அங்கே எட்டவில்லை. ஈரக்கையில் திறப்பு வழுக்கியது.

"தலைவர், இஞ்சாலை வாங்கோ!" என்று அக்கா கதவுக்குப் பக்கவாட்டில், கூரைக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

"பொறு பொறு! திறக்கிறன்!"

உள்ளேயிருந்து ஊர் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிழையான திறப்பு ஒன்று, கோயில் திறப்பு ஒன்று, கடைசியில் சரியானது. இரண்டு கதவையும் அகலத் தள்ளிக்கொண்டு, தலை முதல் கால்வரை நீர் வடிய அவர் உள்ளே வந்தார். குவிந்து கிடந்த நெல்லைப் பார்த்தார்.

"நெல்லு நனைஞ்சதோ?"

"இல்லை," என்றார் அக்கா. "நீங்கள்தான் முளைக்கப் போறியள்."

இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். யாரோ ஒரு துவாய் கொடுத்தார்கள். அவர் ஈரச் செருப்பைத் தூணடியில் கழற்றி வைத்துவிட்டுத் தலையைத் துவட்டினார். கூட்டம் நெற்குவியலைச் சுற்றி நடந்தது.

மழை விட்டதும் சனம் வந்த மாதிரியே எல்லாப் பக்கத்தாலும் கலைந்து போனது. கதவால் போனவர் தலைவர் ஒருவர்தான். வெளியே நின்று கதவைச் சாத்திப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். திரும்பி நடந்தவர் நின்று தன் காலைப் பார்த்தார். செருப்பு உள்ளே.

பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தெற்குப் பக்கத்தால் சுற்றிப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, அதே வழியால் வந்தார்.