வால்வில் சுற்றிய ஈரத்துணி

நான் எழுதப்போவது நடந்தது. 1960 மார்ச் 29, செவ்வாய்க்கிழமை, சத்தியவேட்டில். சுடுகாட்டையும் நடுநிசியையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இது பட்டப்பகலில் ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் நடந்தது. பௌதிகம் படித்தவள் என்பதால் எதற்கும் நேரம் குறித்துவைப்பது என் வழக்கம். அன்று குறித்த நேரங்களை மாற்றாமல் தருகிறேன்.

இன்னும் மூன்று நாளில் எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திராவுக்குப் போக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தற்காலிக சயின்ஸ் டீச்சர். தமிழ் வகுப்புகள் குறையும், தற்காலிக ஆட்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. நைனா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி திருவேங்கடம் அன்று மதியம் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு ஆந்திராவிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். அவருக்கு இத்தாலி மெஷினில் காபி போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது செக்ரட்டரியின் ஆசை. சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய மெஷின் அது. இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்தது.

"பேருக்குப் பின்னாடி பி.எஸ்ஸி.ன்னு போட்டுக்கிறியே, இதை ஓட வை பாக்கலாம்" என்றார். "ஓடுச்சுன்னா உன் ஆர்டர்ல கையெழுத்து வாங்கித் தரேன். இல்லாட்டி ஒண்ணாந் தேதியிலேர்ந்து வீட்டுல குந்திக்கினு வடாம் புழி. இன்னொண்ணு, ஆபீசர் முன்னாடி நீ வாயத் தொறக்கக் கூடாது."

தலையாட்டினேன். நிமிர்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஒன்று பத்துக்கு வேலையைத் தொடங்கினேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். சமையல்காரி அம்சவேணி மட்டும் கொல்லையில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டுக்கல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மெஷின் பித்தளையில் செய்தது, ஒரு முழ உயரம். அடியில் தண்ணீர் கொதிக்கும் கலம். ஆவியின் அழுத்தம் தண்ணீரை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளும். அது காபித்தூளுக்குள் புகுந்து மூக்கு வழியாக வடியும். கலத்தின் பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வால்வு. அழுத்தம் அளவு மீறினால் அது திறந்து ஆவியை வெளியே விடும். வால்வு திறக்காவிட்டால் மெஷின் வெடிக்கும்.

அந்த வால்வைச் சுற்றி யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள்.

முறிந்த விரலுக்குப் போடுவதுபோல், மூங்கில் பத்தை வைத்து, பட்டை பட்டையாகத் துணி சுற்றியிருந்தது. சுற்று ஒவ்வொன்றும் ஒரே அகலம். துணி காய்ந்து கொம்புபோல் இறுகியிருந்தது. புத்தூர்க் கட்டு. சின்ன வயதில் என் தம்பிக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும்.

அந்த வீட்டுக்குள் முட்டை நுழையாது. பழைய கட்டுதானே என்று பிளேடால் அறுத்து எறிந்தேன்.

ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோதித்தேன். காபி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வால்வு உஸ்ஸென்று ஆவியைக் கக்கியது. பார்ப்பவர்களுக்கு வால்வு ஒழுகுவதுபோல் தெரியும். பழுது அங்கே இல்லை. மேலே போகும் குழாயை உப்பு அடைத்திருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி. வழி அடைபட்டதால் வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

கலத்தைக் குளிரவைத்தேன். புளிக்கரைசல் ஊற்றிக் குழாயை ஊறவைத்தேன். கழுவத் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனேன். அப்போது மணி 1.42. கிணறு இருபது அடி தூரத்தில் இருந்தது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

1.58.

வால்வில் கட்டு இருந்தது.

புதுத் துணி. ஈரமாக இருந்தது. தொட்டேன், விரலில் கொழகொழவென்று ஒட்டியது. பச்சை முட்டையின் கவிச்சி...

அம்சவேணி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கொல்லையை எட்டிப் பார்த்தேன். அவள் குனிந்து மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கை முழுக்க மாவு. என்னை ஒருமாதிரி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டை அவிழ்த்தேன்.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. பழைய சைக்கிள் டியூபில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம் என்று 2.20க்கு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். ஒரு நிமிஷ வேலை.

திரும்பியபோது 2.37.

மறுபடியும் கட்டு. இந்தமுறை மூங்கில் பத்தையும் இருந்தது. பச்சை மூங்கில்.

அவிழ்த்தேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவிடலாம். ஓடினால் ஒன்றாம் தேதி?

3.15க்கு மெஷின் சரியாக ஓடியது. காபி ஒரே சீராக வடிந்தது. வால்வு வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. செக்ரட்டரி வந்து பார்த்துச் சிரித்தார். "பரவால்லியே, நீ ஜெயிச்சிட்டே" என்றார்.

நான்கு மணிக்கு ஜீப் வந்தது.

மெஷினையும் ஸ்டவ்வையும் கூடத்து மேஜைக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி தெலுங்கில் என்னென்னவோ கேட்டார். செக்ரட்டரி பெருமையாகப் பதில் சொன்னார். காபி கெட்டியாக இருக்க வேண்டுமென்று அவரே இரண்டு பங்கு தூளைப் போட்டு, கட்டைவிரலால் இறுக்கி அமுக்கினார். அப்படி அமுக்கினால் தண்ணீர் ஏறாது. வால்வு இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அம்சவேணி ஸ்டவ்வைப் பற்றவைத்து மெஷின் பக்கத்தில் நின்றாள்.

நான் சமையலறை வாசலில் நின்றேன்.

4.12.

வால்வைப் பார்த்தேன்.

கட்டியிருந்தது.

துணி நனைந்திருந்தது. ஒரு சொட்டு மேஜைமேல் விழுந்தது...

என் கை தானாக உயர்ந்தது. செக்ரட்டரி திரும்பி என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார். அவர் கையில் என் ஆர்டர் இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

கையை இறக்கிக்கொண்டேன்.

கையெழுத்து முடியட்டும். அப்புறம் சொல்லலாம்.

காபி வரவில்லை.

சத்தமும் இல்லை.

அம்சவேணி குனிந்து பார்த்தாள்.

4.13...

மூடி கூரையில் போய் மோதியது.

அவளுக்கு முகம் முழுவதும் வெந்துபோயிற்று. மற்ற யாருக்கும் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. சென்னைதான் கிட்ட. ஆனால் ஜீப் திருப்பதிக்குப் போகிற ஜீப். அதிகாரிக்கு அவசரம். அவளைப் பின்னால் படுக்கவைத்து அந்த வழியிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள்.

ஆர்டரில் கையெழுத்து ஆகியிருந்தது.

வியாழக்கிழமை அதை என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தவர் பள்ளிப் பியூன் கங்கையா. அவர்தான் பொன்னியம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்சவேணிக்கு வெகு முன்னால் அந்த வீட்டில் சமைத்தவள். புத்தூர்க்காரி, எலும்புக் கட்டுப் போடுகிற வீட்டில் பிறந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், குமிழில் ஆவி ஒழுகுது, அடைச்சுத் தொலை என்று செக்ரட்டரி அவளை எல்லோர் எதிரிலும் அறைந்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எங்கிருந்தோ முட்டை கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டாள். அன்றைக்கும் மெஷின் இப்படித்தான் வெடித்திருக்கிறது.

"பதினோரு நாள் உயிரோட இருந்துச்சும்மா" என்றார் கங்கையா. "கையில தோலே இல்ல. அந்தக் கையால கட்டில் காலு, டம்ளரு, பாக்க வந்தவங்க விரலு, எது கிடைச்சாலும் துணியச் சுத்திக்கினே இருந்துச்சு. அய்யா அடிப்பாரு, ஒழுகுதுன்னு சொல்லிக்கினே."

வெள்ளிக்கிழமை, ஒன்றாம் தேதி, நான் வேலையில் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனேன். காலை 11.20க்கு வார்டுக்குள் நுழைந்தேன். அம்சவேணியின் கண்ணை மூடிக் கட்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. குரல் மெதுவாகத்தான் வந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். நான் மாவரைச்சிக்கினே ரெண்டு தபா உள்ள பாத்தேன். ஆபீசர் வரதுக்கு முன்னாடி இன்னொரு தபா. மூணு தபாவும் நீங்கதான் குந்திக்கினு அந்தக் குமிழுக்குத் துணி சுத்திக்கினு இருந்தீங்க. படிச்சவங்க, காரணமாத்தான் கட்டுறாங்கன்னு நெனைச்சிக்கினு பக்கத்துல நின்னேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"எதுக்கும்மா கட்டினீங்க?"