அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த வாய்

படத்தின் கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு திருடர்கள் நகைக்கடையை உடைக்க மலேசியாவில் எங்கள் ஜொகூருக்கு வருகிறார்கள். மலாய் தெரியாது. ‘கெடாய் குந்திங்’ என்ற பலகையைப் பார்த்ததும் ஒருவன், “குந்திங்னா குந்தன் நகைடா” என்கிறான். ஓட்டைப் பிரித்து இறங்குகிறார்கள். அது முடிவெட்டும் கடை. ஒரு மூட்டை முடியோடு வெளியே வருகிறார்கள். அந்தச் சிரிப்பு நான் கொடுத்தது. இப்போதும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் ஊடகப் படிப்பை முடித்துவிட்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து படக்குழு இடம் பார்க்க வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே போய் ஒட்டிக்கொண்டேன். சம்பளம் பேசவில்லை. திரையில் என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

அவர்களை எங்கள் ஊர் செடெனாக்கில், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் அம்மாவின் கடைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். அம்மா வழக்கம்போல, “வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா? இல்லாட்டி ஒக்காருங்க” என்றார். காலையில் யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் கேட்பது அதுதான். உட்காரப்போன இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார்.

“பசியாறிட்டீங்களா. எவ்ளோ அழகான வார்த்தை. எங்க ஊர்ல சாப்டாச்சா, டிபன் ஆச்சா, அவ்ளோதான். அம்மா, இதையே படத்துல சொல்றீங்களா?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் அதற்குள் தலையாட்டிவிட்டேன்.

காட்சி சின்னது. பசியோடு வரும் திருடர்களுக்கு அம்மா சோறு போடுவார். அவர்கள் தின்றுவிட்டு அவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. “மோட்டார திருப்பிக் குடுத்துருவாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். மூன்றாவது டேக்கில் ஓகே ஆனது. குழுவே கைதட்டியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேசுறதுக்கா கைதட்டுறாங்க?” என்றார்.

நான்கு மாதம் கழித்து உதவி இயக்குநர் கூப்பிட்டார்.

“சிஸ்டர், உங்க அம்மா சீன்ல ஒரு சிக்கல். இங்க பாத்தவங்க எல்லாம் மதுரைப் பக்கமா, காரைக்குடியான்னு கேக்கறாங்க. இவ்ளோ செலவு பண்ணி ஃபாரின் வந்திருக்கோம், அந்த ஃபீல் வரல. இங்க ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் பேசிடுவாங்க. மலேசியா மாதிரி நாலு வரி எழுதி அனுப்புங்க. அந்த ‘லா’வ நல்லா தூக்கலா போடுங்க.”

எங்கள் தமிழ் வெளிநாடுபோல் இல்லையாம். தமிழாகவே இருக்கிறதாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்டது, “என் பேரு கண்டிப்பா வரும்ல?”

சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் பேருந்து நின்ற பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். ‘அலமாக், வாங்க லா, மக்கான் பண்ணுங்க லா, மலு வேணாம் லா, நம்ம கடை லா.’ அய்யோ, சாப்பிடுங்க, வெட்கம் வேணாம் என்பதைத்தான் மலாயில் கலந்திருந்தேன். எங்கள் ஊரில் பேச்சின் கடைசியில் லா உண்டு. மலாய்க்காரர், சீனர் எல்லாரோடும் பேசிப் பேசி வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் எங்கே வரும், எங்கே வராது என்று இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கடையை மூடினார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கடைக்கு வரும் நாலு அக்காமாரையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் பகல் காட்சிக்கு வந்தார். எல்லாரும் கடைசிவரை உட்கார்ந்து என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

திரையில் அம்மா வந்தார். வாய் ‘பசியாறிட்டீங்களா’ என்று அசைந்தது. மூக்கால் பேசும் ஒரு கீச்சுக்குரல், “அலமாக், வாங்க லா” என்றது. அரங்கம் குலுங்கியது. சிரித்தவர்கள் சென்னைக்காரர்கள் இல்லை, நாங்கள்தான். பக்கத்தில் இருந்த அக்கா அம்மாவின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். “இது என் கொரல் இல்லியே, பாப்பா.”

“சவுண்டு சரியா பதிவாகலயாம்மா.”

“அதுக்கு? நான் எங்க இப்படிப் பேசுனேன்? லா லா லான்னு, பைத்தியக்காரி மாதிரி. யாரு எழுதுனது இத?”

“அங்க உள்ளவங்கதான்.”

அம்மா தலையை ஆட்டினார். “நெனச்சேன். நம்மூரு ஆளா இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க.”

படம் முடிந்தது. எழுந்து போய்விடலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். “இரு, உன் பேரு வரணும்ல” என்று உட்கார வைத்தார். எழுத்துகள் தமிழில் ஓடின. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவர், ஒவ்வொரு வரியாக உதடு அசைத்துப் படித்தார். ‘மலேசிய வட்டார வசனம்’ என்று வந்து, கீழே என் பெயர் வந்தது. அக்காமார் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினார், இரண்டு தட்டு. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீடுவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

போன மாதம் பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் ஒரு புதுமனை விழா. அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு கைப்பேசியோடு சூழ்ந்துகொண்டார்கள். “ஆன்ட்டி, படத்துல பேசுனீங்களே, ஒரு தடவ பேசிக் காட்டுங்க.” அது என் குரல் இல்லை என்று அம்மா சொல்வார், எல்லாரும் ஒரு நிமிடம் சங்கடப்பட்டுக் கலைவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். மூக்கால் குரலை மேலே இழுத்தார். நான் எழுதிய நாலு வரியையும், ஒரு லாகூட விடாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.