கம்ப்யூட்டருக்குள் ஒன்பது வீடு

சுகிர்தா எதையும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. கண்ணால் பார்த்து மனசுக்குள் போட்டு வைத்து, நாலு நாள் கழித்துத்தான் ஒரு முடிவுக்கு வருவாள். பிறந்த ஊரான மாகறலில் ஐந்தாவது படித்தபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அன்றைக்கும் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. புருஷன் சாமுவேல் வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். மகள் நிஷா படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியிலேயே அவளுக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை.

அதனால்தான் கம்ப்யூட்டர் ரூமில் நடந்தது அவள் கண்ணில் பட்டது.

புவியியல் நடத்தும் தமிழ்வாணன் சார் நிஷாவின் ஒன்பதாம் வகுப்பை அங்கே கூட்டிப் போய் கேம் ஆட விட்டிருந்தார். சதுரம் சதுரமான கட்டிகளை அடுக்கிப் பிள்ளைகள் மலை கட்டினார்கள், ஆறு வெட்டினார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் மழை கொட்டியது. பாடம் நடத்தச் சோம்பேறித்தனம் என்றுதான் சுகிர்தா முதலில் நினைத்தாள்.

"உம்மவ கேம் ஆடியே கலெக்டர் ஆவப்போறா, பாரு" என்றாள் சத்துணவு சமைக்கும் பாஞ்சாலி. சுகிர்தா சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஜன்னலைத் துடைக்கும்போது உற்றுப் பார்த்தாள். திரையில் ஓர் ஏரி. அதற்கு வளைந்த கரை, இரண்டு மதகு, நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல், அதை ஒட்டி சர்ச்.

சாயங்காலம் மகளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி அது, நம்ம ஏரி மாதிரியே கீது?"

"நம்ம ஏரிதாம்மா. ஊரு மொத்தத்தையும் கட்டிக்கினு கீறோம். அவங்கவங்க வூட்ட அவங்கவங்க வெக்கணும். வெள்ளிக்கெழம யூனியன் ஆபீஸ்லேர்ந்து பாக்க வராங்களாம்."

கலங்கல் கால்வாய் ஓரமாக அவர்கள் தெருவில் ஒன்பது வீடு. ஒன்றுக்கும் பட்டா கிடையாது, ஏரியைச் சேர்ந்த சர்க்கார் புறம்போக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்தார்கள். எதுக்கு என்று சாமுவேல் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார்கள். போகும்போது வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சுகிர்தா அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாள். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும்.

அன்று டேப்போடு வந்தார்கள். இன்று பிள்ளைகளை விட்டே அளக்கிறார்கள்.

"நம்ம வூட்ட வெக்காத."

"ஏம்மா?"

"வெக்காதன்னா வெக்காத. நம்ம தெருவுல எந்த வூடும் வாணாம்."

"சார் கேப்பாரும்மா."

"மறந்துட்டேன்னு சொல்லு."

அதன்பிறகு கம்ப்யூட்டர் ரூமை அவள் தினமும் இரண்டு தரம் பெருக்கினாள். பிள்ளைகள் கட்டும் ஊர் ஆபீஸ் வரைக்கும் போய்விடுமோ என்று, மேசைக்கு அடியில் ஓடிய ஒயர்கள் எந்தச் சுவருக்குப் போகின்றன என்று பார்த்தாள். தமிழ்வாணன் சார் ஒருநாள் திரையை செல்போனில் படம் எடுத்தார். யாருக்கு அனுப்புகிறார் என்று பார்க்க, துடைத்த மேசையையே அவள் மறுபடி துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து வந்த வேதகிரி, மடியில் நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். டீ கொடுத்த சுகிர்தா தட்டோடு கதவோரம் நின்றுகொண்டாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரில் ஊர் பெரிதாகத் தெரிந்தது. ஸ்ரீகாந்த் என்ற பையன் மழையைப் போட்டான். ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, வளைந்த கால்வாய் கொள்ளாமல் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது. பிள்ளைகள் "அய்யோ" என்றார்கள்.

"கவலப்படாதீங்க சார், நாங்க வழி கண்டுபுடிச்சிட்டோம்" என்றான் ஸ்ரீகாந்த். கலங்கலிலிருந்து நேராக ஒரு புதுக் கால்வாய் வெட்டினான். மறுபடி மழை. பள்ளிக்கூடம் நனையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நல்ல ஐடியாவா கீதே. காலி எடம்தானே, வெட்டிவுட்டா முடிஞ்சிது" என்றார் வேதகிரி.

சுகிர்தா சுவரைப் பார்த்தாள். புதுக் கால்வாய் ஓடிய இடம் அவள் அடுப்பு இருக்கும் இடம். அதைக் காலி இடமாக்கியது வேறு யாருமில்லை, அவளேதான். நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். சுகிர்தா தட்டைக் கீழே வைத்தாள்.

"அங்க வூடு கீது சார்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா?" என்றார் தமிழ்வாணன்.

"ஒம்பது வூடு கீது. எம்மவ மேல தப்பு இல்ல. நான்தான் வெக்க வாணாம்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

அவள் வேதகிரியின் நோட்டைப் பார்த்தாள். தமிழ்வாணனும் பார்த்தார். பிறகு, "நிஷா, வந்து வை" என்று மட்டும் சொன்னார்.

நிஷா எழுந்து போய் வைக்க ஆரம்பித்தாள். தாய் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "சர்ச்சாண்ட மொதல்ல சின்னராசு வூடு. அப்பறம் ஆல்பர்ட் வூடு. அது ரெண்டு ரூம்புடி, சின்னதா வெக்காத, அவரு கோச்சுக்குவாரு." வகுப்பு சிரித்தது.

ஸ்ரீகாந்துக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஸ்கூல் முழுகிடுமே?"

"பழைய கால்வாய தூரு வாரி எத்தினி வருஷமாச்சு?" என்றாள் சுகிர்தா. "வேலிகாத்தான் முள்ளும் குப்பையும் மண்டிக் கீது. மொதல்ல அத ஆழப்படுத்திப் பாரு நைனா."

பிள்ளைகள் பழைய கால்வாயை இரண்டு கட்டி ஆழமாக்கினார்கள். மழை கொட்டியது. தண்ணீர் பள்ளிக்கூடப் படிக்கட்டு வரை வந்து நின்றது. ஒன்பது வீடும் அப்படியே இருந்தன.

வேதகிரி நோட்டில் ஏதோ எழுதினார். சுகிர்தா டம்ளர் எடுக்கிற சாக்கில் கிட்டே போனாள். 'கலங்கல் ஓரம் – 9' என்றிருந்தது.

"எதுக்கு சார் அது?"

வெளியாள் யாரையும் அவள் இப்படிக் கேட்டதில்லை. அவர் பேனா மூடியைப் போட்டுக்கொண்டே, "சும்மாதாம்மா" என்றார்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும்.

"சும்மான்னா, நம்பர மட்டும் எழுதாதீங்க சார், நாளைக்கி அதுவும் காலி எடமாயிடும். ஆளுங்க பேரையும் எழுதிக்கோங்க. நான் சொல்றேன்."

தமிழ்வாணன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். வேதகிரி மறுபடி பேனாவைத் திறந்தார். எதிரே நின்றபடி, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டு, ஒன்பதாவது பேரை அவர் எழுதி முடிக்கும்வரை சுகிர்தா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.