அம்மா மூச்சைப் பார்த்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக்குச் சாமி வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் அப்பா வீட்டில் இருக்கும்போதே வந்துவிட்டது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். குடவாசல் கடைத்தெருவில் கூட்டம் போட்டால், சாமி பூதமெல்லாம் சுத்தப் பொய் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை பேசுவார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கட்சி ஆட்சிக்கு வந்து, குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பேரைத் தாலுக்கா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அப்பா முதல் ஆளாகப் போய் மனுக் கொடுத்துவிட்டார். மிராசுதாருக்கு வந்ததே கோபம்! நிலத்தை விட்டு இறங்கு, நிற்கிற சம்பாவை வெளியூர் ஆளை வைத்து நானே அறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அறுத்தவர்தான் சாகுபடி செய்தவர் என்று சாட்சி எழுதிவிட்டால், நெல்லோடு நிலமும் கையைவிட்டுப் போய்விடும்.

அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், சோறு இறங்காது. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டரம்மா குழல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உடம்புல ஒண்ணுமில்லம்மா, கவலைதான். காலையில கொஞ்ச நேரம் கண்ண மூடி உக்காருங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் சும்மா பாருங்க. வேற நெனப்பு வந்தா வந்துட்டுப் போவுது, நீங்க திரும்ப மூச்சுக்கு வந்துடுங்க.”

“மாத்திர?” என்றாள் அம்மா.

“இதான் மாத்திர.”

மாத்திரை எழுதாத டாக்டரெல்லாம் ஒரு டாக்டரா என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள். அப்பாவுக்கோ ஏகக் குஷி. மந்திரமில்லை, பூசையில்லை, அத்தனையும் விஞ்ஞானம்!

மறுநாளே பாயை விரித்து உட்காரவைத்துவிட்டார். அம்மாவும் கண்ணை மூடினாள். கொல்லையில் கோழி கொக்கரித்ததுதான் தாமதம், “அடியே, நெல்லுல வாய வச்சிருச்சு பாரு!” என்று எனக்கு உத்தரவு. அடுத்த நாள் குழம்பில் உப்புப் போட்டோமா என்று எழுந்து ஓடினாள். அதற்கடுத்த நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, மெல்லக் குறட்டை கேட்டது. மூச்சைப் பார்க்கச் சொன்னால் மூச்சு நம்மையே பார்க்கிறது, முட்டுகிறது, இதென்ன கண்றாவி என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை. அறுப்பு நெருங்க நெருங்க, வைராக்கியமாக உட்கார்ந்தாள். பழகப் பழகக் கொஞ்சம் அடங்கியது. மூச்சுக்குத் தக்கபடி உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வந்தது தை வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்து, முடி காயட்டும் என்று விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அத்தை மோர் வாங்க வந்தாள். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை வெள்ளிக்கிழமையும் அதுவுமாக முடியை விரித்துப் போட்டுக் கண்மூடி ஆடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். “ஆத்தா, மாரியம்மா!” என்று அத்தை போட்ட சத்தத்தில் மோர்ச்செம்பு உருண்டே போய்விட்டது.

கண்மூடித் திறப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. வேப்பிலை வந்தது, மஞ்சள்நீர் வந்தது, தட்டில் கற்பூரம் எரிந்தது. ஒருத்தி காணாமல்போன மூக்குத்தியைக் கேட்டாள், ஒருத்தி குடிகாரப் புருஷனைப் பற்றி முறையிட்டாள். அப்பா பதறிக்கொண்டு வந்து, “அய்ய, இது வந்து…” என்று ஆரம்பித்தார். “நீங்க செத்த சும்மா இருங்கண்ணே!” என்று அத்தை அதட்டினாள். அம்மாவும் கத்தத்தான் கண்ணைத் திறந்தாள். திறந்தவள் வாசலைப் பார்த்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள்.

வாசலில் மிராசுதாரின் காரியஸ்தர் நின்றார். எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத மனிதர். தெருமுனையில் நின்றபடியே அப்பாவைப் பேர் சொல்லி அழைப்பார். நாளை அறுப்புக்கு ஆள் வருகிறது, குறுக்கே வராதே என்று சொல்லிப்போக வந்தவர், சாமி என்றதும் செருப்பை உதறி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

“நெசமாவா? உன் வூட்டுலயா?” என்று அப்பாவைக் கேட்டார்.

எல்லோரும் அப்பாவையே பார்த்தோம். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆடிக்கொண்டிருந்தாள். அப்பா ஓரடி முன்னால் வந்தார். பிறகு அத்தை கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கி, அம்மாவுக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினார்.

அதற்குமேல் சாட்சி வேண்டுமா என்ன! காரியஸ்தர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“நட்டது யாருடா?” என்றாள் அம்மா. அவள் குரலா அது!

“இவங்கதான் தாயே.”

“அப்ப அறுக்குறது யாருடா?”

“இவங்கதான் தாயே, இவங்கதான்.”

“அசலூரு அருவா என் வயல்ல பட்டுச்சு, அப்பறம் நான் பொறுக்க மாட்டேன்.”

சேதி அன்றைக்கே ஊரூராகப் பரவிவிட்டது. மிராசுதார் கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லியும் வெளியூரிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. மறுநாள் எங்கள் தெருவே இறங்கி எங்கள் வயலை அறுத்தது. பிறகு பதிவும் ஆனது. அப்பாவைத்தான் கட்சிக்காரர்கள் வெகுகாலம் விடவில்லை. “என்ன தோழரே, ஆத்தா சௌக்கியமா?” என்பார்கள். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நழுவிவிடுவார்.

அன்று கூட்டம் கலைந்ததும் அம்மா தண்ணீர் கேட்டாள். சொம்பைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. “சாமி மலையேறிடுச்சாம்மா?” என்று கேட்டேன். “ஏறிடுச்சுடி” என்றாள். சாமி போகும்போது கை அப்படித்தான் நடுங்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அந்தக் காரியஸ்தர் எதிரே அதற்குமுன் அம்மா நிமிர்ந்து நின்றதுகூட இல்லை என்பதையோ, குரல் சற்றுப் பிசிறியிருந்தால் எங்களுக்குக் கூரைகூட மிஞ்சியிருக்காது என்பதையோ நான் யோசிக்கவில்லை. அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.