ஒலுவில் கடற்கரையில் தனியாக ஒரு காலை

இந்தப் பயணம் போனது 1981இல், மாரி மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு நாலு மணித்தியாலம் யாரோடும் கதைக்காமல் இருக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் சம்மாந்துறைக்காரன், கல்முனையில் மாப்பிள்ளை. மனைவி சுலைஹா, மூன்று பிள்ளைகள், மாமா, மாமி, இரண்டு மச்சிமார். பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்தால் வீட்டிலும் ஒரு வகுப்பு இருக்கும். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை, குறை சொல்லவும் வழியில்லை. ஆகவே பாடசாலையில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு, பையில் ஒரு சாரனும் துவாயும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஆறே முக்காலுக்கு அக்கரைப்பற்று பஸ். ஒலுவில் சந்தி ஏறக்குறைய பதினெட்டு கிலோமீற்றர், முக்கால் மணித்தியால ஓட்டம், கட்டணம் இரண்டு ரூபாய். வலது பக்க யன்னலோரம் இருங்கள், நிந்தவூர் தாண்டினால் வயல் பார்க்கலாம். சந்தியிலிருந்து கடலுக்கு இருபத்தைந்து நிமிட நடை. துறைமுகமெல்லாம் பிந்தி வந்தது, அப்போது மணலும் தோணிகளும்தான்.

ஒரு தோணியின் நிழலில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வலைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"கல்முனை, காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

"ஆர்ர வீட்ட கலியாணம் முடிச்ச?"

மாமாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பையைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார்.

"வீட்ட சண்டையா?"

"இல்ல. சும்மா தனிய இரிக்க வந்த."

"சண்ட இல்லாம ஆரு தம்பி தனிய வாற?"

தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். கல்முனைச் சந்தைக்கு மீன் ஏற்றிப்போன லொறியில் மாமாவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை பையோடு வீட்டை விட்டுப் போனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் மூன்று மணி பஸ்ஸில் திரும்பியபோது, முன்விறாந்தையில் மாமாவும், சம்மாந்துறையிலிருந்து அழைக்கப்பட்ட என் வாப்பாவும் சமாதானம் பேசத் தயாராக இருந்தார்கள். சுலைஹா அறைக்குள் அழுது முகம் வீங்கி இருந்தாள்.

"என்னில என்ன குறை? மூஞ்சிக்கு நேர சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்ல. கொஞ்ச நேரம் தனிய இரிக்கணும் போல இரிந்திச்சி."

"அதுக்கு ஏன் பொய்?"

"உண்மையச் சொன்னா கவலப்படுவீங்க எண்டு."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு அப்பிடி இரிக்காதா? இந்த வீட்டிலதான் பிறந்த. ஒரு பகல் கூட நான் இதுக்குள்ள தனிய இரிந்ததில்ல."

அவள் வீடு, அவள் ஆட்கள், அவளுக்கு என்ன கஷ்டம் என்றே ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த சனி மாமா நற்பிட்டிமுனை வயலுக்குப் போய்விட்டார். நான் மாமி, மச்சிமார், பிள்ளைகள் எல்லாரையும் அதே பஸ்ஸில் ஏற்றினேன். வழி முழுக்க மாமியின் கேள்விதான்.

"அவளுக்கு மேலுக்கு ஏலாதா? ஏன் தனிய உட்டுட்டு வாற?"

"நல்லா இரிக்கா மாமி. அதுக்குத்தான்."

நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டினோம். அவள் நடு அறையில் பாய் விரித்துப் படுத்திருந்திருக்கிறாள். தலையெல்லாம் ஈரம். அடுப்பு மூட்டவே இல்லை. என்ன செய்தாய் என்று மாமி கேட்க, "ஒண்டும் செய்யல்ல" என்றாள். பிள்ளைகள் அவள்மேல் போய் விழுந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்து, "அங்கயிருந்து அஞ்சு மணிக்கு பஸ் இல்லையா?" என்று கேட்டாள்.

இருந்தது. அதன் பிறகு, நாட்டு நிலைமை கெட்டுப் பாதை மூடப்படும் வரை, மாதத்தில் ஒரு சனி எனக்கு, ஒரு சனி அவளுக்கு.

ஒலுவில் போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள், பதினொரு மணிக்குப் பிறகு மணல் சுடும். தனியாகப் போவதென்றால் வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். குடும்பத்தோடு போவதென்றால், எத்தனை மணிக்குத் திரும்பி வரட்டும் என்று வீட்டில் நிற்கிறவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.