ஷர்லி கொடுத்த புகார்

ஊருக்கு நல்லது செய்வதற்கென்றே படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஷர்லி அப்படிப்பட்டவள். மணமேல்குடிப் பெண். திருச்சியில் சமூகப்பணி படித்துவிட்டு, அன்னவாசலுக்கு வெளியே இருக்கும் மனநோயாளிப் பெண்களின் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கணவன் ஜெரால்டு குவைத்திலிருந்து, "எதுக்கு இந்த வேலை, விட்டுட்டு வீட்ல இரு" என்று போனில் நச்சரித்தபோதும் அவள் விடவில்லை.

அங்கே அவள் உருப்படியாகச் செய்த காரியம் அழகியைத் தேற்றியது. கந்தலும் கிழிசலுமாகப் பேருந்து நிலையத்தில் அலைந்தவளைப் போலீஸார் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மாத்திரை பாதி, ஷர்லியின் பேச்சு பாதி என்று அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். ஊர் பெயர் நினைவுக்கு வந்தது, பிறகு தம்பி பெயர் வந்தது. கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி கார்முகிலை ஷர்லி தேடிப்பிடித்தாள்.

"புத்தி தெளிஞ்சிருச்சுன்னு டாக்டர் கையெழுத்துப் போடட்டுங்க. வந்து கூட்டிக்கிறேன்" என்றான் அவன். ஷர்லி எழுதுவதைப் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அழகி முழுவதும் தெளிந்துவிட்டாள் என்று அவளும் எழுதி அனுப்பிவிட்டாள்.

அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம். பிறந்தநாள், நினைவுநாள் என்று வெளியாட்கள் வந்து மதியச் சாப்பாடு போடுவார்கள். இலையில் சோறும் குழம்பும் விழுந்த பிறகு பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று, கைகூப்பி வாழ்த்துப் பாட வேண்டும். அதை வீடியோ எடுத்து வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்து சாப்பிடலாம். பசித்தவர்களைப் பாடவைக்கும் இந்த அருமையான யோசனை மேலாளர் ரெங்கராஜுடையது.

டாக்டர் கையெழுத்து வருவதற்குள் ஒருநாள், ஒரு துபாய்க்காரரின் பிள்ளைக்குப் பிறந்தநாள். எல்லோரும் எழுந்தார்கள். அழகி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"எலையில சோத்தப் போட்டுட்டு நிக்கச் சொன்னா எப்பிடிங்க? ஆறிப்போகுதுல்ல. புள்ள நல்லா இருக்கட்டும். சாப்புட்டுட்டு வாழ்த்துறோம்" என்றாள்.

ஷர்லிக்கு மெய் சிலிர்த்தது. புத்தி தெளிந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரெங்கராஜும் சிரித்தார். அவர்களுடைய கார் வாசலைத் தாண்டியதும் அழகியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், அடுப்பில் காய்ந்த தோசைக்கரண்டியை அவள் கையில் வைத்து அழுத்தினார். அலறல் கேட்டு ஓடிவந்த ஷர்லி கரண்டியையும் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். பைத்தியமாக இருந்தவரை அழகியை யாரும் சுட்டதில்லை.

புண்ணுக்கு மருந்து போடும்போது அழகி கெஞ்சினாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. தம்பி வர்ற வரைக்கும் நான் இங்கனதான இருக்கணும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஷர்லி. சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தாள். வாயை மூடிக்கொண்டால் அந்தக் கரண்டி அடுத்தவள் மேல் விழும். வாயைத் திறந்தால் கொடுத்த வாக்குப் போகும். காப்பகத்தையே இழுத்து மூடினாலும் மூடுவார்கள், அத்தனை பெண்களும் தெருவுக்கு வருவார்கள். கடைசியில் காப்பகங்களைக் கண்காணிக்கும் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். உங்கள் பெயர் வெளியே வராது என்றார்கள்.

பெயர் வரவில்லைதான். ஆனால் யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஆய்வுக்கு முதல் நாளே அதே அலுவலகத்திலிருந்து ரெங்கராஜுக்குப் போன் வந்தது. "நாளைக்கு வர்றோம். மதியச் சாப்பாடு அங்கதான், மேடம் சைவம். கரண்டியால சுட்டதா ஒரு கம்ப்ளைண்ட்டு." கரண்டியைப் பார்த்தவள் ஷர்லி ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியாதா? ஷர்லியிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழகியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆய்வு அதிகாரி தேவிப்ரியா மேடம் வந்தார். சாப்பாட்டுப் பந்தியிலேயே விசாரணை.

"யாரும்மா ஒங்களச் சுட்டது? பயப்படாமச் சொல்லுங்க."

ரெங்கராஜ் அப்போது அப்பளம் வைத்துக்கொண்டிருந்தார். அழகி இலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஷர்லியக்கா."

அலுவலக அறையில் மேடம் ஷர்லியை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்தம்மாவுக்குப் புத்தி தெளிஞ்சிருச்சுன்னு எழுதுனதே நீங்கதான? தெளிஞ்சவங்க சொன்னா நான் போலீஸுக்கு அனுப்பித்தான் ஆகணும். இல்ல, தெளியலன்னா சொல்லுங்க. இத்தோட விட்டுருவோம்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர் ரெங்கராஜ். "பாவம் மேடம், ஷர்லி நல்ல புள்ள. பேஷண்ட் ஏதோ ஒளறுது" என்று பரிந்து பேசினார்.

அழகி தெளிந்தவள்தான், பயந்து பொய் சொல்கிறாள், சுட்டவர் இதோ நிற்கிறார். ஷர்லி சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே போலீஸ் ஸ்டேஷன் வந்தது, ஜெரால்டின் குரல் வந்தது, பள்ளிக்கூட வாசலில் மகளுக்காக நிற்கும்போது மற்ற அம்மாக்கள் பார்க்கப்போகும் பார்வை வந்தது.

"இல்லைங்க மேடம். அவங்களுக்கு இன்னும் தெளியல" என்றாள்.

தெளியாதவள் பேச்சு எந்தப் பக்கமும் செல்லாது அல்லவா? யாரும் சுடவில்லை, நோயாளி தானே அடுப்பில் கையை வைத்துக்கொண்டாள் என்று முடிவாயிற்று. ரெங்கராஜும் தப்பித்தார், ஷர்லியும் தப்பித்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

கார்முகிலிடம் ஷர்லியேதான் போனில் சொன்னாள். அவன் குரலில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது. "அப்பச் சரிங்க. அங்கனயே இருக்கட்டும். பெறகு பாத்துக்குவோம்."

அன்று சாயங்காலம் ஷர்லி அழகியிடம் போய் நின்றாள். கோபம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை, வெட்கங்கெட்ட கோபம். "ஏன் அழகி எம்பேரச் சொன்ன?" என்று கேட்டாள்.

மாத்திரையின் மயக்கத்தில் அழகியின் நாக்கு குழறியது. ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அவரு பேரச் சொன்னா என்னையக் கொன்னுருவாரு. யாரையாச்சும் சொல்லணும்னாரு. நீங்கன்னா என்னைய விட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேங்கக்கா."